மைல்ஸா, கேஷ்பேக்கா? கடனட்டை வெகுமதிகளைக் கணக்கிட்டுப் பார்ப்போம்

சென்ற றமழான் விடுமுறையில் ஒரு பின்னேரம் வாப்பா கடையிலிருந்து இரண்டு துண்டுப் பிரசுரங்களைக் கொண்டு வந்தார். ஒன்றில் நீல வானத்தில் பறக்கும் விமானம். மற்றதில் காசு நிரம்பிய பணப்பை. வங்கியொன்றின் பிரதிநிதி கடைக்கே வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டும் கடனட்டைகளைப் பற்றியவை. முதலாவது அட்டையில் சாமான் வாங்க வாங்க விமானப் பயணத்துக்கான ‘மைல்ஸ்’ சேரும். இரண்டாவதில் செலவழித்த காசில் ஒரு பங்கு ‘கேஷ்பேக்’ ஆகத் திரும்பி வரும்.

“நீங்க கொமர்ஸ் தானே படிக்கிறீங்க மகள். இதுல எது லாபம் எண்டு கணக்குப் பார்த்துச் சொல்லுங்க” என்றார் வாப்பா.

உம்மா விமானப் படம் போட்ட தாளை இரண்டு தடவை வாசித்தார். காரணம் எங்களுக்குத் தெரியும். உம்ராவுக்குப் போக வேண்டுமென்பது அவரின் நெடுநாள் ஆசை. “வீட்டுச் செலவை இந்த அட்டையில் செய்தாலே போதும், உம்ரா டிக்கெட் தானாகச் சேர்ந்துவிடும்” என்று அந்தப் பிரதிநிதி சொல்லியிருக்கிறார். ஆகவே இது எனக்குப் பரீட்சை வினா போன்ற ஒன்றாக இருக்கவில்லை. மூன்று நாட்கள் கணக்கீட்டுக் கொப்பியின் பின்பக்கங்களில் எழுதி, அழித்து, மீண்டும் எழுதிப் பார்த்தேன். இதே தாள்கள் இச்சஞ்சிகையை வாசிக்கும் பல வீடுகளுக்கும் வரக்கூடும் என்பதால் அந்தக் கணக்கை இங்கே தருகிறேன்.

கடைக் கொப்பியும் கடனட்டையும்

கடனட்டையை விளங்கிக்கொள்ள நமது ஊர்க் கடைகளில் இருக்கும் கடன் கொப்பியை நினைத்துப் பார்த்தால் போதும். மாதம் முழுவதும் அரிசி, மா, சீனி எடுக்கிறோம். முதலாளி கொப்பியில் எழுதுகிறார். சம்பளம் வந்ததும் மொத்தத்தையும் கொடுத்துவிடுகிறோம். அங்கே கடன் கொடுப்பவரும் சாமான் விற்பவரும் ஒருவரே.

கடனட்டையில் இவ்விருவரும் பிரிந்துவிடுகின்றனர். நாம் அட்டையை நீட்டியதும் வங்கி நமக்காகக் கடைக்காரருக்குப் பணம் கொடுக்கிறது. நாம் வங்கிக்குக் கடனாளி ஆகிறோம். மாதத்துக்கு ஒரு தடவை வங்கி கணக்குக் கூற்றை அனுப்பும். அதில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று முழுக் கடன். மற்றது ‘ஆகக் குறைந்த கொடுப்பனவு’. குறித்த திகதிக்குள் முழுக் கடனையும் கட்டினால் வட்டி இல்லை. பொருள் வாங்கிய நாளிலிருந்து பார்த்தால் ஏறத்தாழ 50 நாட்கள் வரை வட்டியில்லாத் தவணை கிடைக்கலாம். ஆனால் முழுவதையும் கட்டாமல் ஒரு பகுதியை மட்டும் கட்டினால் அந்தச் சலுகை போய்விடும். பல வங்கிகளில் வட்டி பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படும். அட்டையைப் போட்டுக் காசாக எடுத்தால் வட்டி அன்றைக்கே தொடங்கும். அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

இந்த அட்டைகளின் வரலாறு அதிகம் பழையதல்ல. 1950 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் உணவகக் கட்டணங்களைச் செலுத்துவதற்கென டைனர்ஸ் கிளப் அட்டை அறிமுகமானது. 1958 இல் பேங்க் ஒஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் பிரஸ்னோ நகரத்தில் 60,000 பேருக்கு அவர்கள் கேட்காமலேயே தபாலில் அட்டைகளை அனுப்பியது. அதுவே பின்னர் ‘விசா’ ஆனது. 1981 இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் அடிக்கடி பறப்பவர்களுக்கு மைல்ஸ் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1987 இல் சிட்டி வங்கி அந்த மைல்ஸைக் கடனட்டையோடு இணைத்தது. அதற்குச் சற்று முன்னர், 1986 இல், சியர்ஸ் நிறுவனத்தின் டிஸ்கவர் அட்டை செலவில் ஒரு பங்கைக் காசாகவே திருப்பித் தந்தது. மைல்ஸா, கேஷ்பேக்கா என்ற கேள்வி அந்த நாட்களில்தான் பிறந்தது.

வெகுமதி எங்கிருந்து வருகிறது?

வாப்பாவிடம் நான் முதலில் கேட்டது இதைத்தான். பொருளியல் வகுப்பில் முதல் தவணையிலேயே படிக்கும் பாடம், எந்தப் பொருளுக்கும் ஒரு செலவு உண்டு என்பது. வங்கி நமக்குக் கொடுக்கும் காசுக்கும் ஓர் ஊற்று இருக்க வேண்டும். தேடியபோது மூன்று ஊற்றுக்கள் கிடைத்தன.

முதலாவது, கடைக்காரர் கொடுக்கும் கட்டணம். நாம் 1,000 ரூபாவுக்கு அட்டையில் சாமான் வாங்கினால் கடைக்காரரின் கைக்கு 1,000 ரூபாவும் போய்ச் சேர்வதில்லை. ஒரு சிறு வீதத்தை வங்கிகளும் அட்டை நிறுவனமும் பங்கிட்டுக்கொள்கின்றன. கடைக்காரர் அதை எங்கே ஈடுசெய்வார்? சாமானின் விலையில்தான். அப்படியானால் காசு கொடுத்து வாங்கும் ஏழைப் பெண்ணும் அந்த விலையையே கொடுக்கிறாள். ஆனால் வெகுமதி அவளுக்குக் கிடைப்பதில்லை.

இந்த ஊற்றுக்கும் வெகுமதிக்கும் உள்ள தொடர்பை வெளிநாட்டு அனுபவம் காட்டுகிறது. அவுஸ்திரேலிய மத்திய வங்கி 2003 இல் வங்கிகளுக்கிடையிலான அந்தக் கட்டணத்தைக் குறைத்தது. அட்டைகள் வழங்கிய வெகுமதிப் புள்ளிகளும் அதைத் தொடர்ந்து மெலிந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் கடனட்டைகளுக்கு அந்தக் கட்டணத்தின் உச்ச அளவை 0.3 வீதமாக வைத்தது. அமெரிக்காவில் கிடைப்பது போன்ற பெரிய வெகுமதிகள் ஐரோப்பாவில் அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஊற்று வற்றினால் ஓடையும் வற்றும்.

இரண்டாவது ஊற்று, வருடாந்தக் கட்டணம். அதை நாமே கொடுக்கிறோம்.

மூன்றாவது, முழுக் கடனையும் கட்ட முடியாமல் போனவர்கள் செலுத்தும் வட்டியும் தாமதக் கட்டணமும். இந்த மூன்றாவது ஊற்றை எழுதியபோது என் பேனை சற்று நின்றது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

கேஷ்பேக் அட்டை

இதைக் கணக்கிடுவது இலகு. ஒரு வீதம் என்று சொன்னால் 100 ரூபாவுக்கு 1 ரூபா. கிடைப்பது ரூபா என்பதால் அதன் பெறுமதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனாலும் பிரசுரத்தின் அடியில் உள்ள சிறிய எழுத்துக்களை வாசிக்க வேண்டும். கவனிக்க வேண்டியவை நான்கு:

மாதத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சத் தொகை வைத்திருக்கிறார்களா? பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 5 வீதம், 10 வீதம் என்பன எல்லாச் செலவுக்குமா, குறிப்பிட்ட சில கடைகளுக்கு மட்டுமா? எரிபொருள், மின்சாரப் பட்டியல், பாடசாலைக் கட்டணம் போன்றவை விலக்கப்பட்டிருக்கின்றனவா? மீளும் பணம் கைக்கு வருகிறதா, கடனட்டைக் கணக்கிலேயே கழிக்கப்படுகிறதா?

மைல்ஸ் அட்டை

மைல்ஸ் என்பது பணமல்ல. அது விமான நிறுவனமோ வங்கியோ தரும் ஒரு வாக்குறுதி. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் திட்டத்துக்கு ஃபிளைஸ்மைல்ஸ் என்று பெயர். எமிரேட்ஸ், கட்டார் எயார்வேஸ் போன்றவற்றுக்கும் இவ்வாறான திட்டங்கள் உண்டு. அட்டையில் குறித்த ஒரு தொகையைச் செலவழித்தால் ஒரு மைல் கணக்கில் சேரும். போதிய மைல்ஸ் சேர்ந்ததும் ஆசனம் கேட்கலாம்.

ஒரு மைலின் பெறுமதியை எப்படி அறிவது? அதற்கு ஒரு சிறிய சூத்திரம் போதும். டிக்கெட்டின் விலையிலிருந்து, மைல்ஸ் கொடுத்த பிறகும் நாம் கையால் கட்ட வேண்டிய வரிகளையும் கட்டணங்களையும் கழிக்க வேண்டும். வரும் விடையைத் தேவையான மைல்ஸின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இதைச் செய்து பார்க்கும்போதுதான் ‘இலவச டிக்கெட்’ முழுவதும் இலவசமல்ல என்பது தெரிகிறது. வரிகளும் மேலதிகக் கட்டணங்களும் சில வேளைகளில் டிக்கெட் விலையின் பெரும் பங்காக இருக்கும்.

மைல்ஸில் வேறு மூன்று நிச்சயமின்மைகளும் உள்ளன. ஒன்று, மைல்ஸுக்கென ஒதுக்கும் ஆசனங்கள் மட்டுப்பட்டவை. பாடசாலை விடுமுறையிலும் றமழானிலும் எல்லோரும் பயணம் செய்ய விரும்பும்போது அவை கிடைப்பது கடினம். இரண்டு, பல திட்டங்களில் மைல்ஸ் காலாவதியாகும். மூன்று, ஓர் ஆசனத்துக்கு எத்தனை மைல்ஸ் வேண்டும் என்பதை நிறுவனம் மாற்றலாம். அமெரிக்காவின் டெல்டா எயார்லைன்ஸ் 2015 இல் தன் மைல்ஸ் அட்டவணையையே இணையத்தளத்திலிருந்து எடுத்துவிட்டது. பணத்துக்குப் பணவீக்கம் இருப்பது போல மைல்ஸுக்கும் உண்டு. ஆனால் மைல்ஸை வைப்பிலிட்டு அந்த இழப்பை ஈடுசெய்ய வழியில்லை.

எங்கள் வீட்டுக் கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். அட்டைகளின் நிபந்தனைகள் வங்கிக்கு வங்கி வேறுபடும் என்பதால் கணக்குக்கு இலகுவான எண்களை எடுத்திருக்கிறேன். உங்கள் கையிலுள்ள பிரசுரத்தின் எண்களை அதே இடங்களில் போட்டுப் பாருங்கள்.

அட்டையில் செய்யக்கூடிய வீட்டுச் செலவு மாதம் 60,000 ரூபா என்போம். வருடத்துக்கு 720,000 ரூபா.

கேஷ்பேக் அட்டை: மீள்வது 1 வீதம், வருடாந்தக் கட்டணம் 2,500 ரூபா. திரும்பக் கிடைப்பது 7,200 ரூபா. கட்டணத்தைக் கழித்தால் மிச்சம் 4,700 ரூபா.

மைல்ஸ் அட்டை: 200 ரூபாவுக்கு ஒரு மைல், வருடாந்தக் கட்டணம் 6,000 ரூபா. வருடத்துக்குச் சேர்வது 3,600 மைல்ஸ். ஜித்தாவுக்குப் போய்வர டிக்கெட் 150,000 ரூபா, கையால் கட்ட வேண்டிய வரிகள் 50,000 ரூபா, தேவையான மைல்ஸ் 50,000 என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன சூத்திரப்படி ஒரு மைலின் பெறுமதி 2 ரூபா. அப்படியானால் 3,600 மைல்ஸின் பெறுமதி 7,200 ரூபா. கட்டணத்தைக் கழித்தால் மிச்சம் 1,200 ரூபா மட்டுமே.

மைலின் பெறுமதி 3 ரூபாவாக உயர்ந்தால்? 10,800 ரூபாவில் 6,000 ரூபாவைக் கழிக்க 4,800 ரூபா வரும். கேஷ்பேக்கை விட 100 ரூபா கூட. அந்த நூறு ரூபாவுக்காக ஆசனம் கிடைக்குமா, காலாவதியாகுமா என்ற கவலைகளையெல்லாம் சுமக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட என்னை யோசிக்க வைத்தது காலம். 50,000 மைல்ஸை 3,600 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 14 வருடங்கள். உம்மாவின் ஒரு டிக்கெட்டுக்குப் பதினான்கு வருடங்கள்! அதற்குள் கட்டும் வருடாந்தக் கட்டணம் மட்டும் 84,000 ரூபா. மைல்ஸ் மூன்று வருடத்தில் காலாவதியாகும் என்ற நிபந்தனை இருந்தால் அந்த டிக்கெட் ஒருபோதும் கைக்கு வராது. பிரதிநிதி பொய் சொல்லவில்லை. மைல்ஸ் சேரும் என்றார், சேரும்தான். எத்தனை வருடத்தில் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மைல்ஸ் யாருக்கு ஏற்றது?

மைல்ஸ் அட்டையே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. மாதம் 300,000 ரூபா அட்டையில் செலவழிக்கும் ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். சரக்கு வாங்குவதற்காக வருடத்தில் பல தடவை டுபாய்க்கும் சீனாவுக்கும் போகிறவர். அவருக்கு வருடத்துக்கு 18,000 மைல்ஸ் சேரும். பறப்பதாலும் தனியாக மைல்ஸ் கிடைக்கும். ஆகவே காலாவதியாகும் முன்னர் டிக்கெட் எடுத்துவிடுவார். மைல் 2 ரூபா என்றாலே 36,000 ரூபா. கட்டணம் போக 30,000 ரூபா. அதேவேளை கேஷ்பேக் அட்டையில் மாதத்துக்கு 1,500 ரூபாதான் உச்சம் என்ற நிபந்தனை இருந்தால் அவருக்கு வருடத்துக்குக் கிடைப்பது 18,000 ரூபா. கட்டணம் போக 15,500 ரூபா. அவருக்கு மைல்ஸ்தான் இலாபம்.

சுருங்கச் சொன்னால், அதிகமாகச் செலவழித்து, அடிக்கடி பறந்து, பயணத் திகதியை மாற்றிக்கொள்ளக் கூடியவருக்கு மைல்ஸ். அளவாகச் செலவழித்து வீட்டோடு இருப்பவருக்குக் கேஷ்பேக். வெளிநாட்டில் அட்டையைப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல வங்கிகள் நாணய மாற்று வீதத்தோடு மேலதிகமாக ஒரு வீதத்தையும் சேர்க்கின்றன. சேரும் மைல்ஸின் பெறுமதியை அது விழுங்கிவிடலாம்.

ஒரு மாதம் தவறினால்

இதுவரை போட்ட கணக்குகள் எல்லாம் மாதந்தோறும் முழுக் கடனையும் கட்டுபவருக்கு மட்டுமே பொருந்தும். ஒரு மாதம் தவறினால் என்ன நடக்கும்? வருட வட்டி 26 வீதம் என்போம். 60,000 ரூபாவுக்கு ஒரு மாத வட்டி 1,300 ரூபா. அம்மாதத்துக் கேஷ்பேக்கோ 600 ரூபா. ஒரு மாதத் தவறு இரண்டு மாத வெகுமதியைத் தின்றுவிடுகிறது. தாமதக் கட்டணம் தனி.

வட்டி வீதமும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. இலங்கை மத்திய வங்கி 2020 ஓகஸ்டில் கடனட்டை வட்டிக்கு 18 வீதம் என்ற உச்ச எல்லையை வைத்தது. பொருளாதார நெருக்கடியின்போது, 2022 ஏப்ரலில் அந்த எல்லை நீக்கப்பட்டது. அவ்வருடத்திலேயே பல அட்டைகளின் வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. 18 வீதத்தை நம்பிக் கடன் வைத்திருந்தவர்கள், பாணும் பால்மாவும் விலையேறிய அதே மாதங்களில் அந்த வட்டியையும் சுமந்தார்கள்.

ஆகக் குறைந்த கொடுப்பனவு என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். அது உதவி போலத் தோன்றும். 200,000 ரூபா கடன், 26 வீத வட்டி, மாதம் நிலுவையில் 5 வீதம் கட்டுகிறோம் என்போம். முதல் மாதம் கட்டுவது 10,000 ரூபா. அதில் 4,333 ரூபா வட்டிக்கே போய்விடும். புதிதாக ஒரு சதத்துக்கும் சாமான் வாங்காவிட்டாலும் கடன் பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு வருடங்கள் ஆகும். அதற்குள் கட்டிய வட்டி மட்டும் 76,000 ரூபாவைத் தாண்டியிருக்கும்.

எங்கள் உறவுக்காரர் ஒருவரின் வீட்டில் இதுதான் நடந்தது. வியாபாரம் படுத்த காலத்தில் மூன்று அட்டைகளிலும் ஆகக் குறைந்த தொகையை மட்டும் கட்டி வந்தார். ஒன்றிலிருந்து எடுத்து மற்றதற்குக் கட்டினார். கடைசியில் மாமியின் காப்பும் மாலையும் போனது. அந்த அட்டைகளிலும் வெகுமதிப் புள்ளிகள் இருந்தன. அவற்றுக்கு என்ன ஆனதென்று யாரும் கேட்கவில்லை.

இன்னொரு மறைமுகமான செலவும் உண்டு. கையில் நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது மனம் ஒரு கணம் தயங்கும். அட்டையை நீட்டும்போது அந்தத் தயக்கம் குறைகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் பிரெலெக், சிமெஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுகளை ஏலத்தில் விட்டுப் பார்த்தார்கள். கடனட்டையால் கட்ட வேண்டுமென்று சொல்லப்பட்டவர்கள், காசாகக் கட்ட வேண்டுமென்று சொல்லப்பட்டவர்களை விட ஏறத்தாழ இரு மடங்கு விலை கேட்டார்கள். இந்த ஆய்வு 2001 இல் வெளியானது. நாம் இரு மடங்கு செலவழிக்க வேண்டியதில்லை. மாதம் 60,000 ரூபாவில் 2 வீதம், அதாவது 1,200 ரூபா கூடச் செலவழித்தாலே 600 ரூபா கேஷ்பேக் அர்த்தமற்றுப் போகிறது.

கணக்குக்கு முன்னால் உள்ள கேள்வி

இவ்வளவையும் எழுதி முடித்து, “நம்மட வீட்டுக்குக் கேஷ்பேக் அட்டைதான் லாபம் வாப்பா, வருசத்துக்கு 4,700 ரூபா” என்று சொன்னேன். வாப்பா தலையை ஆட்டினார். அப்போது உம்மா கேட்டார்: “கட்ட ஏலாமப் போனவங்கட வட்டியும் அதுல இருக்குமா மகள்?”

நான் மூன்றாவது ஊற்றாக எழுதி வைத்திருந்த வரியைத்தான் உம்மா கேட்டார். இருக்கும் என்றேன்.

அந்தக் கேள்விக்குப் பிறகு மார்க்க அறிஞர்கள் இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடினேன். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் சர்வதேச பிக்ஹ் கழகம் 2000 செப்டம்பரில் றியாதில் கூடி இவ்விடயத்தை ஆராய்ந்தது. கட்டத் தவறினால் வட்டி என்ற நிபந்தனையைக் கொண்ட கடனட்டையை வழங்குவதும் பயன்படுத்துவதும் கூடாது, சலுகைக் காலத்துக்குள் முழுவதையும் கட்டும் எண்ணம் இருந்தாலும் கூடாது என்பது அதன் தீர்மானம். காரணம், ஒப்பந்தத்தில் கையொப்பமிடும்போதே ரிபாவின் நிபந்தனையை ஏற்றுக்கொள்கிறோம். வேறு சில அறிஞர்கள், தேவை இருந்து, ஒரு நாளும் தவறாமல் முழுக் கடனையும் கட்டும் உறுதியும் இருந்தால் இடமளிக்கிறார்கள். இதில் தீர்ப்புச் சொல்ல நான் தகுதியானவள் அல்ல. உங்கள் ஊர் ஆலிமிடமோ அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவிடமோ கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை. பிரசுரத்தில் உள்ள எண்களைப் பார்ப்பதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி இது என்பதை மட்டும் நான் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் ஸூறதுல் பகறாவின் 282 ஆவது வசனம். அது தொழுகையையோ நோன்பையோ பற்றியதல்ல. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. கடன் கொடுக்கல் வாங்கலில் என்ன கையொப்பமிடுகிறோம் என்பதை வாசித்துத் தெளிவது நமது மார்க்கத்தில் சின்ன விடயமல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கையிலிருக்கும் சொந்தக் காசை மட்டும் செலவழிக்கும் பற்று அட்டையில் கடனும் இல்லை, கடனுக்கான வட்டியும் இல்லை. கடைகளிலும் இணையத்திலும் பெரும்பாலான தேவைகளுக்கு அது போதும். சில வங்கிகள் பற்று அட்டைக்கும் கடைகளில் விலைக்கழிவு தருகின்றன.

வங்கியில் கேட்க வேண்டியவை

எந்த அட்டையானாலும் கையொப்பமிடும் முன்னர் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகளை ஓர் ஒழுங்கில் தருகிறேன்:

1. இந்த ஒப்பந்தத்தில் வட்டி நிபந்தனை இருக்கிறதா? அது நமக்கு ஆகுமா?
2. வருடாந்தக் கட்டணம் எவ்வளவு? முதல் வருடம் மட்டும் இலவசமா?
3. வெகுமதி எந்தச் செலவுகளுக்கு இல்லை? மாத உச்சம் எவ்வளவு?
4. மைல்ஸ் எப்போது காலாவதியாகும்? டிக்கெட் எடுக்கும்போது கையால் கட்ட வேண்டியது எவ்வளவு?
5. நமது உண்மையான மாதச் செலவில் ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை வருடங்கள்?
6. ஒரு மாதம் வருமானம் நின்றால் முழுக் கடனையும் எதிலிருந்து கட்டுவோம்?

ஆறாவது கேள்விக்குப் பதில் இல்லாத வீட்டுக்கு எந்த அட்டையும் இலாபமில்லை. ஏற்கெனவே அட்டை வைத்திருப்பவர்கள், முழுத் தொகையும் குறித்த திகதியில் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி வங்கியில் எழுதிக் கொடுப்பது நல்லது.

முடிவாக

எங்கள் வீட்டில் இரண்டு பிரசுரங்களும் பழைய தாள்களோடு போயின. அதற்குப் பதிலாக வேறொரு கணக்கை வாப்பாவுக்குக் காட்டினேன். மாதம் 5,000 ரூபாவை ஒதுக்கி வைத்தால் மூன்று வருடங்களில் 180,000 ரூபா. நான் மேலே எடுத்த விலையில் ஒரு டிக்கெட்டும் வாங்கி 30,000 ரூபா மிஞ்சும். டிக்கெட் விலை ஏறலாம், தங்குமிடத்துக்கும் விசாவுக்கும் இன்னும் வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனாலும் பதினான்கு வருடங்களை விட மூன்று வருடங்கள் கிட்ட.

பொருளியலில் அமையச் செலவு என்று ஒன்றைப் படிக்கிறோம். ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிடப்படும் அடுத்த சிறந்த வாய்ப்பே அது. நாங்கள் கைவிட்டது வருடத்துக்கு 4,700 ரூபா. அதைக் கொப்பியில் எழுதி உம்மாவிடம் காட்டினேன். “அது போகட்டும் மகள்” என்றார். அலுமாரியில் வெற்று ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்று இருந்தது. அதைக் கழுவிக் காயவைத்து, அம்மாதத்து முதல் ஐயாயிரத்தை அதற்குள் போட்டார். அடுத்த மாதம் வாப்பா அதற்கென ஒரு கணக்கைத் திறந்தார். இப்போது நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு மாதமும் தொகையை எழுதுவது என் வேலை. இன்ஷா அல்லாஹ், என் பல்கலைக்கழகப் படிப்பு முடியும் முன்னர் அந்தப் பக்கம் நிறையும்.